மாநில வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் ஓராண்டு: கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தோருக்கு முழுமையான வழிகாட்டி

மாநில அரசின் நிதிநிலை அறிக்கை சென்னையில் தயாராகிறது என்றே பலரும் நினைக்கின்றனர். அந்த அறிக்கையில் அச்சாகும் எண்களில் பெரும்பகுதி, சேலம் போன்ற மாவட்டங்களில் உள்ள சிறு அலுவலகங்களின் கணக்குப் பிரிவு மேசைகளிலிருந்து படிப்படியாக மேலே சென்று சேர்ந்தவை. சேலத்தில் மாவட்ட அலுவலகமும் ஏற்காட்டில் அதன் கீழ் இயங்கும் ஒரு சார்பு அலுவலகமும் கொண்ட ஒரு துறையை எடுத்துக்காட்டாக வைத்து, மதிப்பீடு தயாரிப்பதில் தொடங்கி நிதியாண்டு முடிவு வரையிலான வேலையை, அது நடக்கும் வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக் கணக்குகளில் வரும் ரூபாய்த் தொகைகள் விளக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டவை.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் அல்ல. எந்த வேலையை எந்த மாதத்தில் முடிக்க வேண்டும், எழுதிய எண் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் காட்ட வேண்டும் என்ற இரண்டில்தான் தடுமாறுகின்றனர். ஆகஸ்டில் விட்ட பிழையை மார்ச்சில் திருத்துவதற்குரிய வழிகள் மிகச் சில, அவையும் கடினமானவை.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நிதித்துறை அவ்வாண்டுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும், அதையொட்டித் துறைத் தலைவர் அனுப்பிய அறிவுரைக் கடிதமும். சென்ற ஆண்டுக் கோப்பை எடுத்து எண்களை மட்டும் மாற்றும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. படிவமும், அகவிலைப்படிக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய விழுக்காடும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அந்த வழக்கம் ஆபத்தானது.

இரண்டாவது, பணியிடங்களைத் தோற்றுவித்த அரசாணைகளும், தற்காலிகப் பணியிடங்களுக்கான தொடர் நீட்டிப்பு ஆணைகளும். மூன்றாவது, அனைத்துப் பணியாளர்களின் பணிப்பதிவேடுகள். நான்காவது, கடந்த மூன்று ஆண்டுகளின் மாதவாரிச் செலவு விவரம். ஆண்டு மொத்தம் மட்டும் போதாது. மாதவாரியாகப் பிரித்த கணக்கு இல்லாமல் நடப்பாண்டின் தேவையை ஆண்டின் நடுவில் மறுபடி கணக்கிடும் திருத்த மதிப்பீட்டைப் பின்னால் சரியாகப் போட முடியாது.

இவை கையில் இல்லாமல் களஞ்சியம் என அழைக்கப்படும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை மென்பொருளைத் திறந்து உட்கார வேண்டாம். நீங்கள் இட்ட எண்ணை அது ஏற்றுக்கொள்ளும். எதன் அடிப்படையில் இட்டீர்கள் என்று கேட்பவர் பின்னால் வருவார்.

2. கணக்குத் தலைப்பைப் படிக்கப் பழகுதல்

அரசின் ஒவ்வொரு ரூபாயும் ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் வருகிறது அல்லது செலவாகிறது. நான்கு இலக்கப் பெருந்தலைப்பு, இரண்டு இலக்கத் துணைப் பெருந்தலைப்பு, மூன்று இலக்கச் சிறுதலைப்பு, இரண்டு எழுத்து உட்தலைப்பு, அதற்குக் கீழே செலவின் தன்மையைக் காட்டும் விரிவான தலைப்பு என்று அது அடுக்காக இறங்கும். 2401-00-119 என்பதைக் கண்டால் 2401 பயிர் வளர்ப்பு, 119 தோட்டக்கலை மற்றும் காய்கறிப் பயிர்கள் என்று உடனே படிக்க வேண்டும்; விரிவான தலைப்பில் 301 என்றால் சம்பளம், 305 என்றால் அலுவலகச் செலவு.

முதல் இலக்கம் மிக முக்கியமானது. 0, 1 ஆகியவற்றில் தொடங்குபவை வருவாய் வரவுகள், 2, 3 வருவாய்ச் செலவுகள், 4, 5 மூலதனச் செலவுகள், 6, 7 கடன்களும் முன்பணங்களும், 8 பொதுக்கணக்கு. பயிர் வளர்ப்பில் வரவு 0401, வருவாய்ச் செலவு 2401, மூலதனச் செலவு 4401 என்று ஒரே துறையின் எண்கள் இணையாக ஓடுவதைக் கவனித்தால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இந்தப் பிரிவினையைக் கணக்கர்களுக்குள் நடக்கும் சடங்காக எண்ணிவிடக் கூடாது. சட்டமன்றம் ஒப்புதல் அளிப்பது மானியக் கோரிக்கை வாரியாக, அதிலும் வருவாய், மூலதனம் என்று தனித்தனியாக. வேளாண்மைக்கு 5-ஆவது கோரிக்கை, மக்கள் நல்வாழ்வுக்கு 19, பள்ளிக்கல்விக்கு 43 என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஒப்புதல். புதுக் கட்டடத்தின் செலவை 2-இல் தொடங்கும் தலைப்பில் எழுதினால், சட்டமன்றம் ஒப்புதல் தராத ஒன்றுக்குப் பணம் செலவழித்ததாகவே அது கணக்கில் நிற்கும்.

இன்னொரு பிரிவும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 202(3) கூறின்படி, அரசின் கடனுக்கான வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், நீதிமன்றத் தீர்ப்பாணையின்படி கொடுக்க வேண்டிய தொகை முதலியவை வாக்கெடுப்புக்கு உட்படாதவை; அலுவலகப் பேச்சில் ‘சார்ஜ்டு’ என்பது இதுதான். நில எடுப்பு இழப்பீட்டை நீதிமன்றம் உயர்த்தித் தீர்ப்பளித்தால், அந்தக் கூடுதல் தொகையை வழக்கமான இழப்பீட்டுத் தலைப்பிலேயே கேட்பது நாம் அடிக்கடி காணும் பிழை. தீர்ப்பாணை வந்த கோப்பில் இதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

3. பணியிட எண்ணிக்கைப் பட்டியல்

நம்பர் ஸ்டேட்மென்ட் என்றே எல்லோரும் சொல்லும் இந்தப் பட்டியலே சம்பள மதிப்பீட்டின் அடித்தளம். குறிப்பிட்ட நாளில் அலுவலகத்தில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரந்தரம் எத்தனை, தற்காலிகம் எத்தனை, யார் பணியில் உள்ளனர், அவர்களின் அடிப்படை ஊதியமும் அடுத்த ஊதிய உயர்வு நாளும் என்ன என்பதை இது காட்டுகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அரசாணைகளிலிருந்து பணியிடங்களை எழுதுங்கள். பிறகு ஆட்களை அவற்றில் பொருத்துங்கள். இதைத் தலைகீழாகச் செய்து, சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களை எடுத்து எழுதிவிட்டு மொத்தத்தைப் பணியிட எண்ணிக்கை என்று காட்டுபவர்கள் உண்டு. அப்போது காலியிடம் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். மாற்றுப்பணியில் வேறு அலுவலகத்தில் இருப்பவர் இரண்டு இடத்திலும் கணக்காகிவிடுவார் அல்லது இரண்டிலும் விடுபடுவார்.

தற்காலிகப் பணியிடங்களில் தனிக் கவனம் தேவை. தொடர் நீட்டிப்பு ஆணை காலாவதியான பணியிடத்துக்கு நிதி இருந்தாலும் கருவூலத்தில் சம்பளப் பட்டியல் (பில்) திரும்பி வரும். ஆகவே பணியிடப் பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொரு தற்காலிகப் பணியிடத்துக்கும் ஆணை எண், நாள், எதுவரை செல்லும் என்பதை எழுதி, முடிவடைய இருப்பவற்றுக்கான கருத்துருவை அப்போதே அனுப்பிவிடுவது நல்லது.

காலியிடங்களுக்கு முழு ஆண்டுச் சம்பளத்தைக் கேட்டு வைப்பது தவறான பாதுகாப்பு. தேர்வாணையத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியல் கையில் இருந்தால், அவர்கள் சேரக்கூடிய மாதத்திலிருந்து கேட்கலாம். மற்றவற்றுக்குக் கேட்டால், அந்தத் தொகை ஆண்டு முழுவதும் முடங்கிக் கிடந்து மார்ச்சில் ஒப்படைக்கப்படும். அதே ஆண்டு வேறொரு மாவட்டத்தில் மருந்து வாங்கப் பணம் இருந்திருக்காது.

4. மார்ச் முதல் பிப்ரவரி வரை: சம்பளக் கணக்கு

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆனால் நம் மாநிலத்தில் மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. மற்ற மாதச் சம்பளங்கள் அந்தந்த மாதக் கடைசி வேலைநாளில். கணக்கு என்பது பணம் கொடுக்கப்பட்ட நாளைப் பார்ப்பதால், 2026-27ஆம் ஆண்டின் சம்பளச் செலவு என்பது 2026 மார்ச் முதல் 2027 பிப்ரவரி வரையிலான பன்னிரண்டு மாதச் சம்பளம் ஆகும். புதியவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது.

ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாளில் வருகிறது. மார்ச்–பிப்ரவரி என்று எண்ணும்போது, ஏப்ரல் உயர்வு உள்ளவருக்கு ஒரு மாதம் பழைய ஊதியம், பதினொரு மாதம் புதியது; ஜூலை என்றால் நான்கும் எட்டும்; அக்டோபர் என்றால் ஏழும் ஐந்தும்; ஜனவரி என்றால் பத்தும் இரண்டும். இந்த நான்கு இணைகளையும் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை ஊதியம் ₹60,000 உள்ள ஒருவருக்கு ஜூலையில் 3 விழுக்காடு உயர்வு வருகிறது எனக் கொள்வோம். நான்கு மாதம் ₹60,000, எட்டு மாதம் ₹61,800, ஆண்டுக்கு ₹7,34,400. ஏப்ரல்–மார்ச் என்று எண்ணியவர் மூன்றும் ஒன்பதுமாகப் பெருக்கி ₹7,36,200 எழுதுவார். வேறுபாடு ₹1,800 மட்டுமே. ஆனால் அதன் மேல் அகவிலைப்படி ஏறுகிறது; ஒரு துறையின் ஆயிரக்கணக்கான பணியாளர்களுக்கும் இதே பிழை திரும்பத் திரும்ப விழும்போது, யாருக்கும் தேவைப்படாத ஒரு பெருந்தொகை மதிப்பீட்டில் ஏறி நிற்கிறது.

அகவிலைப்படியில் இன்றைய விழுக்காட்டை அப்படியே போடுவது அடுத்த பிழை. 2024 ஜனவரியில் 50 விழுக்காடாக இருந்தது அதே ஆண்டு ஜூலையில் 53 ஆகவும் 2025 ஜனவரியில் 55 ஆகவும் உயர்ந்தது. இன்று மதிப்பிடும் ஆண்டு முடிவதற்குள் பல உயர்வுகள் வந்துவிடும் என்பதால், எந்தக் காலத்துக்கு எந்த விழுக்காட்டை எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்வதை மட்டுமே பின்பற்ற வேண்டும். அலுவலகத்துக்கு அலுவலகம் ஊகித்தால் மாநில மொத்தத்துக்குப் பொருளே இருக்காது.

ஏற்காட்டு அலுவலகத்தின் கணக்கைச் சேலத்துப் படிவத்திலிருந்து நகலெடுக்கக் கூடாது. மலையில் பணிபுரிபவர்களுக்கு மலைப்படி உண்டு. வீட்டு வாடகைப்படியும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. மாவட்ட அலுவலகத்தில் ஒரே கோப்பில் இரண்டையும் தயாரிக்கும்போது மலைப்படி விடுபட்டு, அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் ஒதுக்கீடு போதாமல் போவது உண்டு. மலையிலிருந்து சமவெளிக்கு மாறுதலாகி வந்தவர்களுக்கு அந்தப் படி தொடர்ந்து கணக்கிடப்படுவது இதன் மறுபக்கம். இரண்டையும் சரிபார்க்கச் சிறந்த வழி, பணியிடத்தை அடிப்படையாக வைத்துப் படிகளைக் கணக்கிடுவது. ஆள் மாறினாலும் பணியிடம் மலையிலேயே இருக்கும்.

5. சம்பளம் அல்லாத செலவுகள்

மின்கட்டணம், தொலைபேசி, வாடகை, எரிபொருள், பயணப்படி, சில்லறைச் செலவினம் ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுச் சராசரியோடு பத்து விழுக்காடு கூட்டி எழுதும் பழக்கத்தைக் கைவிடுங்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது மேலே உள்ளவர்களுக்கும் தெரியும். ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டுகிறார்கள்.

வெட்டிலிருந்து தப்பும் எண்ணுக்கு விளக்கக் குறிப்பு இருக்கும். ‘விலைவாசி உயர்வு காரணமாகக் கூடுதல் நிதி தேவைப்படுகிறது’ என்பது விளக்கம் ஆகாது. ‘நவம்பரில் கூடுதல் கட்டடத்துக்கு மின் இணைப்பு பெறப்பட்டது, அதற்கு முன் ₹9,200 ஆக இருந்த இருமாதக் கட்டணம் அதன் பின் ₹13,700 ஆகியுள்ளது, ரசீது நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதினால், அதைப் படிக்கும் பிரிவு அலுவலர் வெட்டுவதற்கு ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். பெரும்பாலும் தேடமாட்டார்.

எரிபொருளுக்கு வாகனப் பதிவேட்டிலிருந்து உண்மையான மைலேஜை எடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஜீப், சேலத்திலிருந்து ஓமலூருக்குச் செல்லும் ஜீப்பைப் போல ஓடாது. சமவெளி மைலேஜில் போட்ட ஒதுக்கீடு ஜனவரிக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு களப்பணி நின்றுவிடும்.

அரசுக் கட்டடங்களின் பராமரிப்பு பொதுப்பணித்துறையின் தலைப்பில் வருவது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் கூரை ஒழுகினால், அதற்கு உங்கள் அலுவலகச் செலவில் பணம் கேட்பது வீண். பொதுப்பணித்துறைப் பொறியாளரிடம் மதிப்பீடு பெற்று, அவர்களின் பணித்திட்டத்தில் சேர்க்கக் கோரும் கடிதத்தை மழைக்கு முன்பே அனுப்ப வேண்டும்.

இரண்டு நிதியாண்டுகளில் விழும் வேலைகளை இங்கேயே பிரித்துவிடுங்கள். ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில் நடப்பவை. விழாவில் பூத்து நிற்க வேண்டிய செடிகளுக்கு விதை, தொட்டி, எரு, கூலி எல்லாம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் செலவாகும். பந்தல், மின்விளக்கு, அலங்காரச் செலவுகள் ஏப்ரல்–மே மாதங்களில் வரும். முழுத் தொகையையும் விழா நடக்கும் ஆண்டில் கேட்டுவிட்டால், நாற்று விடும் நேரத்தில் கையில் ஒதுக்கீடு இருக்காது.

6. புதிய திட்டங்கள்

நடப்பில் உள்ள செலவுகளையும் புதிதாகத் தொடங்க விரும்புவதையும் ஒரே கருத்துருவில் கலக்காதீர்கள். புதிய பணியிடம், புதிய கட்டடம், புதிய வாகனம் ஆகியவை துறையின் செயலகம் வழியாக நிதித்துறையின் தனி ஆய்வுக்குச் செல்பவை. கருத்துருவில் ஒருமுறைச் செலவு எவ்வளவு, ஆண்டுதோறும் தொடரும் செலவு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கட்டாயம். ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டும் செலவைக் கேட்டவர், அதன் மின்கட்டணத்தையும் காவலரின் சம்பளத்தையும் எழுதாமல் விட்டால், கட்டி முடித்த கிடங்கு பூட்டிக் கிடக்கும்.

நிலம் துறையின் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சேர்வராயன் மலையில் வனநிலம், காப்பித் தோட்டங்கள், கிராம நத்தம் ஆகியவை அடுத்தடுத்துக் கிடப்பதால், வருவாய்த்துறையின் நில உரிமைச் சான்று இல்லாமல் அனுப்பப்படும் கட்டடக் கருத்துரு ஒப்புதல் பெற்றாலும் அந்த ஆண்டில் செலவாகாது.

7. கோட்டையில் என்ன நடக்கிறது

நிதித்துறை இரண்டு திசைகளிலிருந்து வேலை செய்கிறது. கீழிருந்து நம் மதிப்பீடுகள் வருகின்றன. மேலிருந்து, மாநிலத்தின் சொந்த வரி வருவாய், மத்திய வரிகளில் பங்கு, மானியங்கள், வாங்கக்கூடிய கடன் ஆகியவற்றிலிருந்து மொத்த வரம்பு வருகிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, மாநிலங்களிடையே பகிரப்படும் தொகையில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு என்று வகுத்தது. கடன் வாங்க 293-ஆவது கூறின்படி மத்திய அரசின் இசைவு தேவை. 2003-ஆம் ஆண்டு நிதி நிர்வாகப் பொறுப்புடைமைச் சட்டம் நிதிப் பற்றாக்குறைக்கு எல்லை வைக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது என்பதால், மீதமுள்ளவற்றில்தான் வெட்டு விழும். உங்கள் கோரிக்கை வெட்டப்பட்டதற்கு உங்கள் எண் தவறு என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

நிதிநிலை அறிக்கை 202-ஆவது கூறின்படி சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. மானியக் கோரிக்கைகள் மீது வாக்கெடுப்பு நடந்து, 204-ஆவது கூறின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பின்னரே அரசின் வருவாயும் கடனும் சேரும் திரள்நிதியத்திலிருந்து பணம் எடுக்கலாம். தேர்தல் ஆண்டில் இந்த வரிசை மாறும். 2021-இல் பிப்ரவரி 23 அன்று இடைக்கால நிதிநிலை அறிக்கையும், ஆட்சி மாறிய பின் ஆகஸ்ட் 13 அன்று திருத்திய நிதிநிலை அறிக்கையும் தாக்கலாயின. இடைக்காலத்தில் 206-ஆவது கூறின்படி முன்பண ஒப்புதல் மட்டுமே இருக்கும் என்பதால், அத்தகைய ஆண்டுகளில் புதிய செலவுகளை முதல் மாதங்களில் திட்டமிடாதீர்கள்.

8. ஏப்ரலுக்குப் பின்: ஒதுக்கீடு, ஒப்பளிப்பு, பட்டியல்

அச்சிட்ட மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் தொகை இருக்கிறது என்பதால் செலவு செய்துவிட முடியாது. மூன்று தனித்தனி அனுமதிகள் தேவை. சட்டமன்றம் ஒப்பிய தொகை அந்தத் தலைப்பில் இருக்க வேண்டும். அதில் உங்கள் பங்கைத் துறைத் தலைவர் உங்கள் அலுவலகத்துக்குப் பகிர்ந்தளித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட செலவுக்கு அதிகாரம் உள்ளவர் ஒப்பளிப்பு ஆணை வழங்கியிருக்க வேண்டும். கட்டுமானப் பணிகளுக்கு நிர்வாக ஒப்பளிப்போடு தொழில்நுட்ப ஒப்பளிப்பும் வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வதே கருவூலத்தில் பட்டியல்கள் (பணம் கோரும் பில்கள்) திரும்புவதற்கு நான் கண்ட முதல் காரணம். ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் கண்டவுடன் கொள்முதல் ஆணை கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பளிப்புக்குக் கோப்பு வைப்பது ஒழுங்கீனம் மட்டுமன்று. பொருள் கொடுத்த சேலத்துச் சிறு வணிகர் தன் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் நடைமுறைகளுக்கு ஆகும் காலத்தையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். அக்டோபரில் தொடங்கிய பெரிய கொள்முதல் பிப்ரவரியில் முடிந்தால் அது நல்ல வேகம்.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு ஒதுக்கீட்டுப் பதிவேடு வையுங்கள். ஒதுக்கீடு, இதுவரை செலவு என்ற இரண்டோடு நிற்காமல், ஆணை கொடுத்தும் இன்னும் பட்டியல் வராத தொகைக்கு ஒரு பத்தி இருக்கட்டும். மென்பொருள் காட்டும் மீதித் தொகையில் இந்தப் பொறுப்புகள் தெரியாது. மீதி இருக்கிறது என்று அதை நம்பிச் செலவழித்தவர்கள் மார்ச்சில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

விழாக் காலங்களில் முன்பணமாக எடுக்கும் தொகைக்கு உரிய விரிவான பட்டியலை உடனே தந்து நேர்செய்யுங்கள். நேர்செய்யாத முன்பணம், அதை எடுத்த அலுவலர் மாறுதலாகிப் போன பின்னும் தணிக்கை ஆட்சேபனையாக அலுவலகத்தைத் தொடரும்.

9. வரவுகள்

அலுவலகத்துக்கு வரும் கட்டணம், நாற்று விற்பனைத் தொகை, ஏலத் தொகை, நுழைவுக் கட்டணம் ஆகிய எதுவாயினும், 266-ஆவது கூறின்படி அரசின் வருவாய் முழுவதும் முதலில் திரள்நிதியத்தில் சேர வேண்டும். வசூலான பணத்திலிருந்து தினக்கூலியைக் கொடுத்துவிட்டு மீதியைச் செலுத்துவது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வரவையும் செலவையும் ஒரே நேரத்தில் மறைப்பதாகும். விடுமுறை நாளில் கூட்டம் அதிகமாக இருந்து ரொக்கம் கையில் தங்கினால், அடுத்த வேலைநாளிலேயே செலுத்துச்சீட்டு வழியாகக் கட்டிவிடுங்கள்.

10. மாதந்தோறும் ஒப்பீடு

மாதம் முடிந்ததும் அலுவலகப் பதிவேட்டின் எண்களைக் கருவூலக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். துறை அளவில் இது சென்னையிலுள்ள முதன்மைக் கணக்காயர் அலுவலகத்தின் எண்களோடு ஒப்பிடப்படுகிறது. வேறுபாடு மூன்று வகையில் வரும்: நீங்கள் பதிந்தும் கருவூலத்தில் அந்த மாதம் நிறைவேறாத பட்டியல், தவறான தலைப்பில் பதிந்தது, வேறொரு அலுவலகத்தின் செலவு உங்கள் கணக்கில் விழுந்தது. முதலாவது அடுத்த மாதம் தானே சரியாகும். மற்ற இரண்டும் தாமாகச் சரியாவதில்லை. அன்றே கடிதம் எழுதுங்கள். பத்து மாதம் சேர்த்துவைத்துப் பிப்ரவரியில் ஒப்பிட உட்கார்ந்தால், எந்த வேறுபாடு எந்தப் பட்டியலால் வந்தது என்று கண்டுபிடிக்கவே மாதம் முடிந்துவிடும்.

11. திருத்த மதிப்பீடு

அடுத்த ஆண்டு மதிப்பீட்டைத் தயாரிக்கும் பருவத்திலேயே நடப்பாண்டின் திருத்த மதிப்பீடும் கேட்கப்படும். ஐந்து மாதச் செலவை ஐந்தால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கும் குறுக்குவழி இங்கே பரவலாகக் கையாளப்படுகிறது. ஏற்காட்டில் அது எப்படித் தவறாகிறது என்று பாருங்கள்.

ஒரு பூங்காவின் சில்லறைச் செலவினம் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ₹5,00,000. அதில் ₹3,20,000 விழாவுக்கானது. குறுக்குவழி ஆண்டுக்கு ₹12,00,000 என்று காட்டும். உண்மையில், விழாச் செலவு போக மீதமுள்ள ₹1,80,000 மாதத்துக்கு ₹36,000. எஞ்சிய ஏழு மாதங்களுக்கு ₹2,52,000. ஜனவரி முதல் அடுத்த விழாவுக்கான நாற்றுச் செலவு ₹1,10,000. ஆக ஆண்டுத் தேவை ₹8,62,000. சாலை, கட்டடப் பணிகளில் இதன் எதிர்மறை நிகழும்: மலையில் மழை மாதங்களில் வேலை நின்று, பட்டியல்கள் ஜனவரிக்குப் பின் குவியும்; குறுக்குவழி அங்கே குறைத்துக் காட்டும்.

ஆகவே, இதுவரையிலான உண்மைச் செலவோடு, சென்ற ஆண்டின் எஞ்சிய மாதங்களின் செலவைக் கூட்டி, இந்த ஆண்டில் மாறியவற்றுக்குத் திருத்தம் செய்வதே முறை. முதல் படியில் மாதவாரிக் கணக்கு கேட்டதற்குக் காரணம் இதுவே.

12. மறு ஒதுக்கீடும் துணை மதிப்பீடும்

ஒரு தலைப்பில் மீதியும் இன்னொன்றில் பற்றாக்குறையும் இருந்தால், மறு ஒதுக்கீடு கேட்கலாம். அதற்கு எல்லைகள் உண்டு: ஒரே மானியத்துக்குள் மட்டுமே மாற்றலாம், வருவாய்க்கும் மூலதனத்துக்கும் இடையே கூடாது, வாக்கெடுப்புக்கு உட்பட்டதற்கும் உட்படாததற்கும் இடையே கூடாது, சட்டமன்றம் அறியாத புதுப்பணிக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. நிதியாண்டு முடிந்த பின் மறு ஒதுக்கீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மானியத்துக்குள் மீதி இல்லாவிட்டாலோ, செலவு புதுப்பணியாக இருந்தாலோ, 205-ஆவது கூறின்படி துணை மதிப்பீடு தேவை. மீதி இருந்தும் புதுப்பணி என்பதால் அவையின் ஒப்புதலுக்காக மட்டும் ஆயிரம் ரூபாய் அடையாளத் தொகை கேட்கப்படுவது உண்டு. துணை மதிப்பீட்டுப் புத்தகத்தில் அந்த ஆயிரத்தைப் பார்த்து அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம். அவை கூடும் வரை காத்திருக்க முடியாத செலவுக்கு எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து முன்பணம் பெறலாம். அது பின்னர் துணை மதிப்பீட்டின் வழியே ஈடுசெய்யப்பட வேண்டும்.

மலைப்பாதையில் மண்சரிவு போன்ற பேரிடர்ச் செலவுகளுக்குத் தனி மானியமும் 2245 என்ற தனிப் பெருந்தலைப்பும் உள்ளன. அவசரத்தில் அன்றாடப் பராமரிப்புத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டால், ஆண்டு முழுவதற்குமான பராமரிப்புப் பணம் ஒரே வாரத்தில் போய்விடும்.

13. பிப்ரவரி, மார்ச்

இறுதித் திருத்த ஒதுக்கீட்டுக்கான விவரம் கேட்கப்படும்போது நேர்மையான எண்ணைத் தாருங்கள். செலவாகாத தொகையைத் தெரிந்தவுடன் ஒப்படைக்க வேண்டும்; மார்ச் 31 மாலையில் ஒப்படைப்பதால் எவருக்கும் பயனில்லை. ஒப்படைக்காமல் காலாவதியான தொகைகளும் ஒதுக்கீட்டை மீறிய செலவுகளும் நிதி ஒதுக்கக் கணக்கில் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரால் சுட்டப்பட்டு, சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன் வரும். அங்கே கேட்கப்படும் கேள்வி துறைச் செயலாளர் வழியாக இறங்கி, சில ஆண்டுகள் கழித்து உங்கள் மேசைக்கே வந்து சேரும்.

ஒதுக்கீடு வீணாகிவிடக் கூடாதென்று பணத்தை எடுத்து வங்கிக் கணக்கிலோ வைப்புக் கணக்கிலோ போட்டுவைப்பது விதிகளுக்கு முரணானது. உடனே கொடுக்க வேண்டிய செலவுக்கு அன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது. வேலை முடியாவிட்டால் தொகையை ஒப்படைத்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் ஒதுக்கீடு கேட்பதே சரியான வழி. அதற்கான குறிப்பை இப்போதே எழுதி அனுப்புங்கள்.

மார்ச் மாதப் பட்டியல்களை, கருவூலம் அறிவிக்கும் கடைசி நாளுக்கு ஒரு வாரமாவது முன்னதாக அனுப்ப வேண்டும். குறைபாட்டுக்காகத் திரும்பும் பட்டியலைச் சரிசெய்து மறுபடி அனுப்ப நேரம் வேண்டும் என்பதோடு, ஏற்காட்டிலிருந்து மூல ஆவணத்தோடு சேலத்துக்கு இறங்கி வர ஓர் அரைநாள் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மார்ச் 31-க்குப் பின் புதிதாக எதையும் அந்த ஆண்டுக் கணக்கில் கொடுக்க முடியாது. ஆனால் தவறான தலைப்பில் பதிவான செலவை, மாநிலக் கணக்காயர் ஆண்டுக் கணக்கை மூடுவதற்கு முன் மாற்றுப் பதிவின் மூலம் சரிசெய்யக் கோரலாம். கடிதத்தில் பட்டியல் எண், நாள், கருவூலத்தின் பெயர், தொகை, பதிவான தலைப்பு, பதிவாகியிருக்க வேண்டிய தலைப்பு ஆகிய ஆறும் இருக்க வேண்டும். இரண்டு தலைப்புகளும் ஒரே மானியத்தைச் சேர்ந்தவையா என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். வேறு மானியமாக இருந்தால் துறைத் தலைவர் வழியாகவே செல்ல வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அது புறப்பட்டுவிட வேண்டும்.